180 டாலருக்கு பழைய டெஸ்க்டாப், வாங்கலாமா?

அண்ணா அக்கா எல்லாருக்கும் வணக்கம். டொராண்டோ வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது, ஸ்கார்பரோல ஒரு பேஸ்மென்ட்ல இருக்கேன். வேலைக்கு அப்ளை பண்ண, ஆன்லைன் கோர்ஸ் படிக்க ஒரு சிஸ்டம் வேணும், புது லேப்டாப்புக்கு கையில காசு இல்ல. மார்க்கெட்ப்ளேஸ்ல ஒருத்தர் டெல் ஆப்டிப்ளெக்ஸ் 9020 போட்டிருக்கார், ஐ7-4770, 16 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட்டிஸ்க், விண்டோஸ் 11, மானிட்டர் கீபோர்டோட 180 டாலர். ஐ7ன்னா நல்லதுதானே? 50 டாலர் அட்வான்ஸ் அனுப்பினா எடுத்து வைக்கிறேங்கிறார்.

---

தம்பி, மொதல்ல அந்த அம்பதை அனுப்பாதீங்க. இன்டராக்ல, அதான் பேங்க்ல இருந்து ஈமெயில் மூலமா காசு அனுப்புற வழில, போன காசை அவர் எடுத்துக்கிட்டா திரும்ப வாங்குறது குதிரைக்கொம்பு. நேர்ல போய் ஓட்டிப் பாத்துட்டு அங்கயே நின்னு அனுப்புங்க.

பெட்டி விஷயத்துக்கு வருவோம். ஐ7ங்கிற பேர்ல ஒண்ணும் இல்ல, அதுக்கு பின்னாடி வர்ற நம்பர்தான் முக்கியம். 4770ன்னா நாலாவது ஜெனரேஷன், 2013ல வந்தது. அதையே ஐ5-8500ன்னு பாத்தீங்கன்னா எட்டாவது ஜெனரேஷன், 2018, ஆறு கோர், பேர்ல ஐ5 ஆனாலும் அந்த ஐ7ஐ தூக்கி சாப்பிட்டுடும். இன்டெல்ல விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் ஒத்துக்கிறது பெரும்பாலும் எட்டாவது ஜெனரேஷன்ல இருந்துதான். அப்ப இவர் எப்படி 11 போட்டாருன்னு கேப்பீங்க, செக்கிங்கை தாண்டி இன்ஸ்டால் பண்ற வழி இருக்கு, இன்னைக்கு ஓடும், ஆனா அந்த மாதிரி மெஷினுக்கு அப்டேட் வரும்னு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தர்றதில்ல. விண்டோஸ் 10க்கோ 2025 அக்டோபர் 14ஓட இலவச சப்போர்ட் முடிஞ்சுது. பேங்க் லாகின், வேலைக்கு அனுப்புற டாக்குமெண்ட் எல்லாம் வைக்கப் போற சிஸ்டம், அதனால யோசிங்க. சும்மா குடுத்தா வாங்கி, விண்டோஸுக்கு பதிலா இலவசமா கிடைக்கிற லினக்ஸ் போட்டுக்கலாம், 180 டாலர் குடுத்து வேண்டாம். பேரம் பேசி 100க்கு குறைச்சாலும் நான் வேண்டாம்னுதான் சொல்வேன்.

இதே ஆப்டிப்ளெக்ஸ்ல 3060, 5060, 7060ன்னு தேடுங்க, இதெல்லாம் எட்டாவது ஜெனரேஷன், ஆஃபீஸ்ல லீஸ் முடிஞ்சு மொத்தமா வெளிய வர்ற பெட்டிங்க. 3050, 7050ன்னு போட்டிருந்தா ஒரு படி பழசு, நம்பர் பக்கத்து பக்கத்துல இருக்கேன்னு ஏமாந்துடாதீங்க. பழசை சரி பண்ணி விக்கிற ரீஃபர்பிஷ்டு கடையிலயும் கிடைக்கும், 13 சதவீதம் எச்எஸ்டி வரி சேரும், ஆனா வாரண்டி வரும், வித்தியாசம் கொஞ்சம்தான்னா நான் கடைக்குத்தான் போவேன்.

நேர்ல போனா ஆன் பண்ணும்போதே எஃப்2 தட்டி பயாஸ்குள்ள, அதாவது விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி வர்ற செட்டிங்ஸ்குள்ள, போங்க. பாஸ்வேர்டு கேட்டு விக்கிறவருக்கே தெரியலன்னா அங்கயே டாட்டா சொல்லிடுங்க, பழைய கம்பெனி பூட்டு இன்னும் தொங்குதுன்னு அர்த்தம். அப்புறம் டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ் பக்கம் திறந்தா ப்ராசசர் முழு பேரும் வரும், டிஸ்க் வேகமான எஸ்எஸ்டியா, பழைய மாதிரி ஹார்ட்டிஸ்க்கான எச்டிடியான்னும் வரும். எச்டிடி மட்டும் இருந்தா, சும்மா குரோம் திறக்கவே டிஸ்க் 100 சதவீதத்துல போய் நிக்கும், காபி போட்டு குடிச்சிட்டு வரலாம். பெட்டி மேல ஏழு எழுத்துல சர்வீஸ் டேக் இருக்கும், அதை டெல் சைட்ல போட்டா என்னைக்கு ஃபேக்டரில இருந்து போச்சுன்னே காட்டிடும். ரேம் அப்புறமா ஏத்திக்கலாம்னு 4 ஜிபி உள்ளதை எடுக்காதீங்க, 2025 கடைசில இருந்து ரேம் விலை ஏறிப்போச்சு.

இன்னொண்ணு, நீங்க பேஸ்மென்ட்ல, ரவுட்டர் மாடில ஹவுஸ் ஓனர் வீட்டுல தானே இருக்கும்? இந்த ஆஃபீஸ் பெட்டிங்க நிறையதுல வைஃபையே கிடையாது, யுஎஸ்பி அடாப்டர் தனியா வாங்கணும். கேமரா மைக்கும் இருக்காது, ஜூம்ல இன்டர்வியூன்னா அதுக்கும் செலவு. மானிட்டர் தனியா வாங்கினா கேபிள் பாருங்க, சிலதுல எச்டிஎம்ஐ இல்லாம வெறும் டிஸ்ப்ளேபோர்ட்தான் இருக்கும்.

அது வரைக்கும் அவசரம்னா லைப்ரரி கார்டு எடுத்துக்கோங்க, டொராண்டோ பப்ளிக் லைப்ரரில கம்ப்யூட்டர் ஃப்ரீ.

---

அண்ணை, எனக்கும் ஒரு கேள்வி. மகன் கேம் விளையாடக் கேக்கிறான், இந்த 7060 சின்னப் பெட்டிக்குள்ள கிராஃபிக்ஸ் கார்ட் போடேலுமோ?

---

பெரிய கார்டு ஏறாதுங்க. அந்த சின்ன பெட்டில 200 வாட்ஸ் பவர் சப்ளைதான், அதுவும் டெல்லோட தனி அளவு, கடைல விக்கிற சாதா பவர் சப்ளை அதுல உக்காராது. தனியா கரண்ட் கேக்காத குட்டை கார்டு போடலாம், மைன்கிராஃப்ட் அளவுக்கு போதும். அதுக்கு மேலன்னா டவர் மாடலா பாருங்க, மைக்ரோன்னு ஒண்ணு வரும் பாருங்க கையடக்கமா, அதை மட்டும் மகனுக்கு எடுத்துடாதீங்க.