எஃப்-150-ல் 26 அடி டிரெய்லரைக் கட்டிக்கொண்டு மோவாப் போகலாமா?

அரோராவாசி:

வணக்கம் நண்பர்களே. டென்வர் பக்கத்தில் அரோராவில் இருக்கிறோம். மே மாதம் ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். அவர்களையும் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு ஐ-70 வழியாக மேற்கே போய் யூட்டாவில் மோவாப், ஆர்ச்சஸ் தேசியப் பூங்கா எல்லாம் ஒரு வாரம் சுற்றிப் பார்க்கலாம் என்று ஆசை. அம்மாவுக்கு முழங்கால் வலி, கூடாரத்தில் படுத்து எழ முடியாது, வெளிச் சாப்பாடும் ஒத்துக்கொள்ளாது, அதனால் அடுப்பும் கட்டிலும் குளியலறையும் உள்ள டிராவல் டிரெய்லர் ஒன்றை வாங்கிவிடலாம் என்று பார்க்கிறோம்.

வண்டி ஃபோர்டு எஃப்-150, நாலு கதவு, 3.5 ஈகோபூஸ்ட் டர்போ இன்ஜின், டிரெய்லர் இழுப்பதற்கான டோ பேக்கேஜ் கம்பெனியிலேயே போட்டது. பிடித்திருக்கும் டிரெய்லர் 26 அடி, காலி எடை 5,600 பவுண்டு, அதிகபட்ச எடை 7,200 என்று போட்டிருக்கிறது. டிரெய்லர் விற்பவர் "உங்கள் டிரக் 11,000 பவுண்டு இழுக்கும், யோசிக்கவே வேண்டாம்" என்கிறார். அலுவலகத்தில் ஒருவர் "அரை டன் டிரக்கில் (எஃப்-150 ரகத்தை அப்படித்தான் சொல்கிறார்கள்) அதை மலை ஏற்றாதே" என்கிறார். இரண்டு பேருமே அடித்துச் சொல்கிறார்கள். டிரெய்லர் இழுத்த அனுபவம் எனக்குத் துளியும் இல்லை, உள்ளே உட்காரப்போவது என் குடும்பம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொங்கு ஓட்டுநர்:

தம்பி, 11,000 என்கிற அந்த எண்ணை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அது பொய் இல்லை, ஆனால் அந்த எண்ணைக் கணக்கிடும்போது டிரக்கில் ஓட்டுநரும் கூட ஒருவரும், ஆளுக்கு 150 பவுண்டு, அவ்வளவுதான் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் வண்டியில் ஆறு பேர்.

இன்ஜின் இழுத்துவிடும், அதில் சந்தேகமே வேண்டாம். பார்க்க வேண்டியது டிரக் முதுகில் எவ்வளவு ஏறுகிறது என்பதை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும், டயர் காற்றழுத்தம் போட்டிருப்பார்களே, அதேதான். அதில் ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு வரி இருக்கும். அதுதான் பேலோட். விளம்பரத்திலோ இணையத்திலோ பார்க்காதீர்கள், உங்கள் வண்டியின் கதவில் பாருங்கள், ஏனென்றால் ஒரே மாடலிலேயே சன்ரூஃப், தோல் சீட், நாலு சக்கர டிரைவ் என்று ஒவ்வொன்று கூடும்போதும் இந்த எண் இறங்கிக்கொண்டே வரும். அந்த எண்ணையும், வரப்போகிறவர்களின் எடையையும் போடுங்கள். அப்புறம் பேசலாம்.

அரோராவாசி:

அண்ணா, இப்போதுதான் கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். 1,480 பவுண்டு என்று இருக்கிறது. நான் 180, மனைவி 140, பிள்ளைகள் இருவரும் சேர்ந்து 110, அப்பா 160, அம்மா 140. மொத்தம் 730. பாதி போய்விட்டது, ஆனால் இன்னும் 750 மிச்சம் இருக்கிறதே, டிரெய்லர் எடைதான் அதன் சக்கரத்தில் நிற்கிறதே?

கொங்கு ஓட்டுநர்:

முழுதும் நிற்காது. டிராவல் டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் அதன் மூக்கு வழியாக உங்கள் ஹிட்ச் மேல் (டிரக்கின் பின்னால் டிரெய்லரை மாட்டும் இணைப்பு) அழுத்தும், அழுத்தவும் வேண்டும். இதை டங் வெயிட் என்பார்கள். அது டிரக்கின் பேலோடில்தான் சேரும்.

காலி எடை 5,600 என்பது பாத்திரம், படுக்கை, அரிசி, தண்ணீர் எதுவும் இல்லாத எடை, பல கம்பெனிகள் பேட்டரியைக்கூட அதில் சேர்ப்பதில்லை. தண்ணீர் ஒரு காலன் 8.3 பவுண்டு, 40 காலன் நிரப்பினால் அதுவே 330க்கு மேல். மூக்கிலேயே உட்காரும், 20 பவுண்டு கேஸ் பிடிக்கும் சிலிண்டர் நிரம்பியிருந்தால் ஒவ்வொன்றும் 37 பவுண்டு பக்கம் வரும். ஒரு வாரத்துக்கு ஆறு பேர் சாமான் என்றால் 6,800ஐத் தொட்டுவிடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதில் 13 சதவீதம் 884 பவுண்டு. ஆட்கள் 730. ஹிட்ச் இரும்பு மட்டும் 90. கூட்டினால் 1,704. அனுமதி 1,480.

200 பவுண்டுக்கு மேல் அதிகம், இன்னும் பின் தொட்டியில் ஒரு பெட்டிகூட ஏற்றவில்லை. பின் அச்சும் டயரும் ஸ்பிரிங்கும்தான் அதைச் சுமக்க வேண்டும், முன் சக்கரம் வேறு இலேசாகி ஸ்டீயரிங் பிடிப்பு குறையும். விற்பவர் உங்களிடம் குடும்ப எடையைக் கேட்டாரா? கேட்காமலே யோசிக்க வேண்டாம் என்று சொல்பவர் பேச்சை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

காற்றுவெளி:

கொங்கு அண்ணன் எடையை விளக்கிவிட்டார், நான் ஆட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் குடும்பங்கள் கவிழ்வது பெரும்பாலும் அதில்தான். நாங்கள் வயோமிங்கில் ஐ-80 பக்கம் இருக்கிறோம், லாரமிக்கும் ராலின்ஸுக்கும் நடுவே காற்று அடிக்கும் நாளில் காலியான உயர வண்டிகளைச் சாலையிலேயே விடமாட்டார்கள்.

டிரெய்லரின் பின்புறம் இடதும் வலதும் ஆட ஆரம்பித்து, ஒவ்வொரு வீச்சும் முந்தியதைவிடப் பெரிதாகி, கடைசியில் டிரக்கின் பின்பக்கத்தையே இழுத்துத் தள்ளுவதுதான் ஸ்வே. காரணம் பெரும்பாலும் மூக்கில் எடை போதாதது. பேலோட் மிச்சம் பிடிக்கிறேன் என்று கனமான பெட்டிகளை டிரெய்லரின் பின்கோடியில் கொண்டுபோய் அடுக்குபவர்கள் இருக்கிறார்கள். டங் வெயிட் குறையும், கணக்கு சரியாகிவிட்டது போலத் தெரியும், ஆனால் 60 மைல் வேகத்தில் ஒரு பெரிய டிரக் பக்கத்தில் கடந்தால் அதன் முன்காற்று முதலில் உங்களை வெளியே தள்ளி அப்புறம் உள்ளே இழுக்கும்போது அந்த டிரெய்லர் ஆடத் தொடங்கிவிடும். கனமான சாமான் அச்சுக்குச் சற்று முன்னால், தரையோடு இருக்க வேண்டும். தயவுசெய்து இதில் விளையாடாதீர்கள்.

ஹிட்ச் விஷயம். சாதாரண பந்து ஹிட்ச் இந்த எடைக்குப் போதாது. டிரக்கின் பின்னடியில் ஹிட்ச்சைச் செருகும் ரிசீவரில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் குனிந்து பாருங்கள், பெரும்பாலான அரை டன் வண்டிகளில் சாதாரணமாக இழுத்தால் 5,000 பவுண்டு என்றும் எடையைப் பகிரும் ஹிட்ச் போட்டால் அதைவிட அதிகம் என்றும் இரண்டு வரி இருக்கும். அந்த எடையைப் பகிரும் ஹிட்ச்சையே, ஆட்டத் தடுப்பும் சேர்ந்ததாக (வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்), வாங்குங்கள். இரண்டு ஸ்பிரிங் கம்பிகள் நெம்பி, பின் அச்சில் குவிந்த எடையில் ஒரு பங்கை முன் சக்கரத்துக்கும் டிரெய்லர் சக்கரத்துக்கும் அனுப்பும்.

சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பார்க்க ஒரு அளவு நாடா போதும். டிரெய்லர் மாட்டும் முன் சமதரையில் முன்சக்கர வளைவின் உயரத்தை அளந்து எழுதி வையுங்கள். கம்பி இல்லாமல் டிரெய்லரை ஏற்றி மறுபடி அளந்தால் முன்பக்கம் ஓர் அங்குலம் போல எழும்பியிருக்கும். கம்பியை இறுக்கிய பிறகு அந்த எழும்பலில் ஒரு பங்கு இறங்க வேண்டும், எவ்வளவு இறங்க வேண்டும் என்பதை வண்டிக் கையேட்டிலேயே கொடுத்திருப்பார்கள். ஆனால் இந்த ஹிட்ச் போட்டதால் கதவு ஸ்டிக்கரில் உள்ள 1,480 ஒரு பவுண்டுகூட ஏறாது.

அப்படியும் ஆடத் தொடங்கினால் டிரக் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டாதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, டிரெய்லர் பிரேக்கை இயக்கும் பிரேக் கன்ட்ரோலரில் கையால் அழுத்தும் நெம்புகோலை அழுத்துங்கள். டிரெய்லர் பிரேக் மட்டும் பிடிக்கும், பின்னாலிருந்து இழுத்து நேராக்கிவிடும். அந்த நெம்புகோல் எங்கே இருக்கிறது என்று கண்ணால் தேடக்கூடாது, கிளம்பும் முன்பே கைக்குப் பழக்கிக்கொள்ளுங்கள்.

மலைப்பாதை:

நான் கொலராடோதான், ஐ-70ல் போய் வருபவன், அதனால் இறக்கத்தைச் சொல்கிறேன். ஐசனோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேலே. ஏற்றம் உங்களுக்குப் பெரிய பிரச்சினை இல்லை, டர்போ இன்ஜின் என்பதால் உயரத்தில் மூச்சு வாங்காது (டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஏறக்குறைய 3 சதவீத சக்தியை இழக்கும்). சுரங்கத்தை விட்டு மேற்கே வெளியே வந்தவுடன் சில்வர்தார்ன் வரை ஒரே இறக்கம், ஏறக்குறைய 2,000 அடி. பிரேக் போன லாரிகளுக்கென்று சரளைக்கல்லைக் கொட்டி மேல்நோக்கிப் போட்ட தனித் தடங்களை ஓரத்தில் பார்ப்பீர்கள். அதற்கப்புறம் வேய்ல் (Vail) பாஸ் என்ற கணவாய், மறுபடி ஏற்றம், மறுபடி இறக்கம்.

சுரங்கத்துக்குள்ளேயே டோ ஹால் மோடு (கியரை டிரெய்லர் இழுப்பதற்கேற்ப மாற்றும் அமைப்பு) போட்டு, வெளியே வரும்போதே 45 அல்லது 50க்கு இறங்கிவிடுங்கள், கியரும் கீழே இருக்கட்டும். வேகம் கூடிய பிறகு குறைக்கப் பார்ப்பதுதான் வினை. காலைப் பிரேக்கிலேயே வைத்துத் தேய்த்துக்கொண்டு இறங்கினால் சூடேறி, பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காது. இன்ஜின் பிடித்துக்கொள்ளட்டும், வேகம் நீங்கள் வைத்த அளவைத் தாண்டும்போது அழுத்தமாக ஒருமுறை பிடித்து 10 மைல் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள், பிரேக் ஆற நேரம் கிடைக்கும். இன்ஜின் சத்தம் போடும், 4,000 ஆர்பிஎம் காட்டும், பயப்பட வேண்டாம், அது அதன் வேலையைச் செய்கிறது. பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும், வலது தடத்திலேயே இருங்கள்.

திரும்பி வரும்போது இன்னும் கவனம். டென்வர் சமவெளி கண்ணுக்குத் தெரிந்ததும் மலை முடிந்துவிட்டது என்று தோன்றும், ஆனால் செங்குத்தான இறக்கமும் வளைவும் இன்னும் பாக்கி, அதற்காகவே அங்கே லாரி ஓட்டுநர்களுக்கு எச்சரிக்கைப் பலகைகள் அடுத்தடுத்து வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று, டயர். யூட்டா எல்லை தாண்டினால் ஐ-70ல் வேகவரம்பு 80 வரை போகும், அது உங்களுக்கான எண் அல்ல. டிரெய்லருக்கென்று வரும் எஸ்டி டயர்களில் வேக வரம்பு தனியாகப் போடாதவற்றுக்கு 65தான் வரம்பு. பழைய டிரெய்லர் வாங்குவதாக இருந்தால் டயர் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் எழுத்துகளுக்குக் கடைசியில் நாலு இலக்கம் இருக்கும், 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். டயரின் மேல்வரி (பட்டன்) புதுசாகத் தெரிந்தாலும் ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள். காற்றைக் காலையில் கிளம்பும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே பாருங்கள். சக்கர நட்டுகளை முதல் 50 மைலில் நிறுத்தி டார்க் ரென்ச் வைத்து மறுபடி இறுக்க வேண்டும்.

அரோராவாசி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இரவு உட்கார்ந்து மனைவியும் நானும் பேசினோம். எங்களிடம் ஒரு சின்ன எஸ்யூவியும் இருக்கிறது. அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோரையும் மனைவி அதில் கூட்டிக்கொண்டு வந்தால்? டிரக்கில் நான் மட்டும். இல்லையென்றால் 5,000 பவுண்டுக்கு உட்பட்ட சின்ன டிரெய்லராகப் பார்க்கவா? அப்பா இன்னொன்று கேட்கிறார்: கட்டில் இருக்கிறதே, நாங்கள் டிரெய்லரிலேயே படுத்துக்கொண்டு வந்துவிடுகிறோமே என்கிறார்.

கொங்கு ஓட்டுநர்:

அப்பாவிடம் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஓடும் டிரெய்லரில் ஆள் இருக்கக்கூடாது என்பது கொலராடோவில் சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும், உள்ளே சீட் பெல்ட் கிடையாது, சுவர் என்பது மெல்லிய பலகையும் அலுமினியமும்தான்.

மனைவி தனி வண்டியில் வருவது நல்ல யோசனை. நீங்கள் 180, ஹிட்ச் 90, டங் 884, மொத்தம் 1,154. 300க்கு மேல் மிச்சம், கருவிப் பெட்டியும் ஐஸ் பெட்டியும் தாராளமாக ஏறும். சின்ன டிரெய்லர் என்றால், ஏற்றியது 4,800 என்று வைத்தால் டங் 624, ஆறு பேரும் ஏறினால் 1,444. கையில் 36 பவுண்டு. ஆறு பேரும் ஒரே வண்டியில்தான் போக வேண்டும் என்பது உங்களுக்கு முக்கியமானால் ஒரு படி பெரிய முக்கால் டன் டிரக்கைப் பாருங்கள், அதிலும் டீசல் இன்ஜின் கனம் என்பதால் பெட்ரோல் இன்ஜினில்தான் பேலோட் கூடுதல். எனக்கு விட்டால் இந்த வருடம் இரண்டு வண்டி.

எப்படி முடிவெடுத்தாலும் சாமான் ஏற்றிய பிறகு லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்பில் கேட் (CAT) ஸ்கேல் என்ற எடைமேடை இருக்கும், அங்கே மூன்று முறை நிறுத்துங்கள்: கம்பி பூட்டிய நிலையில் ஒன்று, கம்பியைக் கழற்றி ஒன்று, டிரெய்லரை ஓரமாக விட்டுவிட்டு டிரக் மட்டும் ஒன்று. இரண்டாவது சீட்டில் டிரக்கின் இரண்டு அச்சுகளையும் கூட்டி, மூன்றாவது சீட்டின் எடையைக் கழித்தால் உங்கள் உண்மையான டங் வெயிட் வந்துவிடும். நான் மேலே போட்டதெல்லாம் உத்தேசம்.

காற்றுவெளி:

மாட்டும்போது இரண்டு விஷயம். டிரெய்லர் மூக்கிலுள்ள பூட்டான கப்ளரை ஹிட்ச் பந்தில் இறக்கிப் பூட்டிய பிறகு ஜாக்கைத் திருப்பி உயர்த்திப் பாருங்கள், டிரக்கின் பின்பக்கம் கூடவே எழும்பினால்தான் பூட்டு பிடித்திருக்கிறது. அப்புறம் சங்கிலி இரண்டையும் குறுக்காக மாட்டுங்கள், கப்ளர் விட்டுவிட்டால் மூக்கு தரையில் குத்தாமல் அதன்மேல் விழும். டிரெய்லர் கழன்றால் அதன் பிரேக்கைத் தானே பிடிக்கவைக்கும் மெல்லிய பிரேக்அவே கம்பியைச் சங்கிலியோடு சேர்த்து மாட்டாமல் டிரக்கில் தனி இடத்தில் மாட்டுங்கள்.

அரோராவாசி:

அப்படியே செய்கிறேன். இரண்டு வண்டி என்று முடிவு. சனிக்கிழமை ஒரு பெரிய காலியான பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுத்துப் பழகப் போகிறேன், அதற்கு ஏதாவது உண்டா?

மலைப்பாதை:

ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடியுங்கள். கை எந்தப் பக்கம் போகிறதோ டிரெய்லரின் பின்பக்கம் அந்தப் பக்கமே போகும். கொஞ்சமாகத் திருப்பி, மெதுவாக வாருங்கள். மனைவியை ஓட்டுநர் பக்கம் உங்கள் கண்ணாடியில் தெரியும்படி நிற்கச் சொல்லுங்கள், அவர் கண்ணாடியில் மறைந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். கோணம் கூடிவிட்டால் பின்னாலேயே சரிசெய்யப் பார்க்க வேண்டாம், ஒரு வண்டி நீளம் முன்னால் போய் நேராக்கிவிட்டு மறுபடி வாருங்கள்.