ஷிப்மேன் வழக்கு: ஒரு டாக்டர் இத்தனை பேரைக் கொல்லும்வரை ஊர் என்ன செய்தது?

ஜெனி, தங்கச்சிமடம்:

நான் செவிலியர் படிப்பில் மூன்றாம் ஆண்டு. வகுப்பில் ஹரால்ட் ஷிப்மேனைப் பற்றிப் பேச்சு வந்தது. இங்கிலாந்தில், மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஹைடு என்ற சிற்றூரின் குடும்ப டாக்டர். 2000 ஜனவரி 31 அன்று 15 கொலைகளுக்காக ஆயுள் தண்டனை பெற்றார். பிறகு நடந்த அரசு விசாரணை, அவர் கொன்றவர்கள் 215 பேர் என்று 2002இல் அறிவித்தது. பெரும்பாலும் வயதான பெண்கள்.

எனக்குப் புரியாதது இதுதான். எங்கள் ஊரில் ஒரு பாட்டி கண்ணை மூடினால் அடுத்த பஸ் வருவதற்குள் பாம்பன் வரை செய்தி போய்விடும். முந்தின நாள் யார் வீட்டுக்கு வந்தது, என்ன சாப்பிட்டார், எல்லாமே பேசப்படும். அங்கே மட்டும் ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லையா? அல்லது அவர் அவ்வளவு பெரிய மூளைக்காரரா?

மருந்துக்கடைக்காரன், கீழக்கரை:

என் தொழில் சார்ந்த பகுதியை மட்டும் சொல்கிறேன், தங்கச்சி. அவர் பயன்படுத்தியது டயாமார்ஃபின். வேதியியல்படி ஹெராயின்தான். அங்கே புற்றுநோயாளிகளின் வலிக்கு அதை மருந்தாகக் கொடுக்கிறார்கள். சாகும் தறுவாயில் இருக்கும் நோயாளியின் பெயரில் தேவைக்கு மேல் சீட்டு எழுதுவார், கடையில் தானே வாங்கிக்கொள்வார். நோயாளி இறந்ததும் வீட்டில் மீந்ததையும், 'நான் அப்புறப்படுத்திவிடுகிறேன்' என்று எடுத்துப் போய்விடுவார். துக்க வீட்டில் மருந்துப் புட்டியை யார் எண்ணுவார்கள்?

என் கடையில் டிரமடால் என்ற வலி மாத்திரை ஓர் அட்டை விற்றால்கூட, கட்டுப்பாட்டு மருந்துகளுக்கான எச்1 பதிவேட்டில் நோயாளி பெயர், டாக்டர் பெயர், அளவு எல்லாம் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். எழுதும்போது எரிச்சலாகத்தான் இருக்கிறது.

பழைய கணக்கு, சாயல்குடி:

தாயி, நான் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். பிறப்பு இறப்புப் பதிவேடு என் மேசையில்தான் கிடந்தது. அந்தக் கண்ணோடுதான் இதைப் பார்க்கிறேன்.

முதலில் அந்த மூளைக்காரன் பட்டத்தை எடுத்துவிடு. பாகப்பிரிவினைச் சண்டையில் எத்தனையோ போலி உயில்களைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு அசட்டையாகச் செய்தவன் எங்கள் தாலுகாவில் கிடையாது. கேத்லீன் கிரண்டி, 81 வயது, ஹைடு ஊரின் முன்னாள் மேயர், 1998 ஜூன் 24 அன்று இறந்தார். 3,86,000 பவுண்டு டாக்டருக்கே என்று ஓர் உயில் வந்து சேர்ந்தது, கோணல்மாணலான தட்டச்சில். மகள் ஏஞ்சலா உட்ரஃப் வழக்கறிஞர். பார்த்த மாத்திரத்திலேயே இது அம்மா எழுதியதல்ல என்று போலீசுக்குப் போனார். தட்டச்சு இயந்திரம் டாக்டரிடமே இருந்தது. கேட்டால், அந்த அம்மாள் அவ்வப்போது இரவல் வாங்கிப் போவாராம்!

இப்படிப்பட்டவன் தப்பித்துவந்ததற்குக் காரணம் ஊசி போட்ட கையே சாவுக்கான காரணத்தையும் எழுதியதுதான். கிரண்டி அம்மாளுக்கு அவன் எழுதியது 'முதுமை'. டாக்டர் காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டுவிட்டால், மரண விசாரணை அதிகாரிக்கு அது போகாது. உடலை எரிப்பதானால் இன்னொரு டாக்டரும் கையெழுத்திட வேண்டும். முதல் டாக்டர் எழுதியதை நம்பி, கட்டணத்தை வாங்கிக்கொண்டு அவரும் போட்டுவிடுவார்.

நம் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது? கரையில் வீட்டில் இறந்தவர்களுக்கு 21 நாளுக்குள் பதிய வருவார்கள். வலை இழுத்த கையோடு மகன் வருவான். சட்டைப் பையில் குடும்ப அட்டை நகல் வியர்வையில் பாதி நனைந்து, மடிப்பில் மீன் செதில் ஒட்டியிருக்கும். காரணம் என்னப்பா என்றால், 'வயசுதான் ஐயா, எழுதிக்கொள்ளுங்கள்' என்பான். அவன் பொய் சொல்லவில்லை, அவனுக்கும் அதுதான் தெரியும். அந்தக் கட்டத்தில் என்ன எழுதப்படுகிறதோ அதோடு அந்த மரணத்தைப் பற்றிய கேள்வி முடிந்துவிடுகிறது.

கிரண்டி அம்மாளைப் புதைத்திருந்தார்கள், அது போலீசின் அதிர்ஷ்டம். 1998 ஆகஸ்ட் 1 அன்று தோண்டி எடுத்தார்கள். தொடைத் தசையிலும் கல்லீரலிலும் மார்ஃபின் இருந்தது; டயாமார்ஃபின் உடலுக்குள் போனால் மார்ஃபினாகத்தான் மாறும். பணியில் இருந்தபோது தாசில்தாருடன் நானும் அப்படி ஒரு தோண்டலுக்குப் போயிருக்கிறேன். சொத்துத் தகராறில் வந்த புகார். கடற்கரை மணலில் குழி நிற்காது. தோண்டத் தோண்டப் பக்கம் சரியும். பனஞ்சட்டங்களை முட்டுக்கொடுத்துத்தான் இறங்கினார்கள். இந்த இடம்தான் என்று தலையாரி அடையாளம் சொல்ல, நான் கையெழுத்திட்டேன். உள்ளுறுப்புகளைக் கண்ணாடிச் சாடியில் உப்புக் கரைசலில் போட்டு முத்திரை வைத்தார் டாக்டர், குழி மண்ணையும் தனியாக எடுத்துக்கொண்டார். ஆய்வு முடிவில் விஷம் ஒன்றும் இல்லை. ஷிப்மேன் கைபட்டவர்களில் பலர் எரிக்கப்பட்டவர்கள். அவர்கள் விஷயத்தில் தோண்ட என்ன இருக்கிறது?

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். அங்கேயும் ஊர் கவனித்தது, தாயி. இறுதிச் சடங்கு நடத்தும் நிறுவனத்தின் டெபோரா மாஸி கவனித்தார்: இந்த டாக்டரின் நோயாளிகள் படுக்கையில் கிடப்பதில்லை, வெளியே போகிற உடையில் நாற்காலியில் சாய்ந்தபடி இருக்கிறார்கள். ஜான் ஷா என்ற டாக்சி ஓட்டுநர், தன் வண்டியில் வழக்கமாக வரும் பாட்டிகள் ஒவ்வொருவராக இல்லாமல் போவதைக் கவனித்தார். தெருவுக்கு எதிர்ப்புறம் இருந்த இன்னொரு மருத்துவமனையின் டாக்டர் லிண்டா ரெனால்ட்ஸ் 1998 மார்ச்சில் மரண விசாரணை அதிகாரியிடமே போய்ச் சொன்னார். போலீஸ் விசாரித்து, ஒன்றுமில்லை என்று ஏப்ரல் 17 அன்று கோப்பை மூடியது. அதன்பின் இன்னும் மூன்று பேரைக் கொன்றான், கிரண்டி அம்மாள் கடைசி.

இன்னொன்று. கொன்ற பிறகு, இல்லாத நெஞ்சு நோயைக் கணினியில் முன்தேதியிட்டு எழுதுவான். எழுதிய உண்மையான நேரத்தைக் கணினி தன் பங்குக்குக் குறித்து வைத்துக்கொண்டே வந்தது. முன்தேதியிடுகிறவர்களை நிறையப் பார்த்தவன் என்பதால், படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அலைவாய்க்கரை, மண்டபம்:

ஐயா, அவர் தாயின் கதையை விட்டுவிட்டீர்களே. 1963இல், அவருக்கு 17 வயது இருக்கும்போது, தாய் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். டாக்டர் வீட்டுக்கு வந்து மார்ஃபின் போடுவதைப் பையன் பக்கத்திலிருந்தே பார்த்தார். எல்லாவற்றுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

பழைய கணக்கு, சாயல்குடி:

தம்பி, தாயைப் புற்றுநோய்க்குக் கொடுத்த பிள்ளைகள் நம் கரையில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அவர்கள் யாரும் ஊசியோடு அலையவில்லை. அந்த ஆள் கடைசிவரை ஒரு கொலையைக்கூட ஒப்புக்கொள்ளவில்லை. 2004 ஜனவரி 13 அன்று, 58 வயது நிறைவதற்கு முதல் நாள், வேக்ஃபீல்டு சிறையில் தூக்குப் போட்டுக்கொண்டான். ஏன் என்பதை அவனே சொல்லாதபோது நாம் கதை கட்டுவானேன்?

தெரிந்ததைப் பேசுவோம். 1975இல் டாட்மார்டன் ஊரில், தன் சொந்தப் போதைப் பழக்கத்துக்காகப் பெத்தடின் என்ற வலி ஊசி மருந்துக்குச் சீட்டுகளைப் பொய்யாக எழுதிப் பிடிபட்டான். 600 பவுண்டு அபராதம். மருத்துவக் கவுன்சில் எச்சரித்து விட்டுவிட்டது. 1977இல் ஹைடில் மறுபடியும் டாக்டர். எனக்கு அவன் தாயைவிட அந்தக் கோப்பின் மேல்தான் கோபம் வருகிறது.

ஜெனி, தங்கச்சிமடம்:

ஐயா, எங்கள் ஆச்சி வீட்டிலேயே படுக்கையாகக் கிடக்கிறார். மனசு கேட்காமல்தான் கேட்கிறேன். நாளைக்கு ஏதாவது நடந்தால் யாரிடம் எதை எழுதி வாங்க வேண்டும்? இங்கிலாந்தில் இப்போது மாற்றிவிட்டார்களா?

பழைய கணக்கு, சாயல்குடி:

அங்கே 2024 செப்டம்பர் 9 முதல் ஒரு நடைமுறை சட்டப்படி கட்டாயமாகிவிட்டது. மரண விசாரணை அதிகாரிக்குப் போகாத ஒவ்வொரு சாவையும், சிகிச்சையில் சம்பந்தப்படாத இன்னொரு டாக்டர் ஆவணங்களைப் பார்த்து, வீட்டாரிடமும் பேசிய பிறகே பதிய முடியும். அவன் பிடிபட்டு இருபத்தாறு ஆண்டு கழித்து!

இங்கே, கடைசி நோயின்போது ஆச்சியைப் பார்த்துவந்த டாக்டரிடம் படிவம் 4ஏ, அதாவது இறப்புக்கான காரணத்தைச் சொல்லும் மருத்துவச் சான்று, கேள். வீட்டில் நடக்கும் இறப்புக்கு அதுதான். கட்டணம் இல்லாமல் தர வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. 'வயசுதானே' என்று தட்டிக்கழித்தால், என்ன நோய்க்கு மருந்து கொடுத்தாரோ அதை எழுதச் சொல். மருந்துச் சீட்டுகளையெல்லாம் இப்போதிருந்தே ஒரு கவரில் போட்டு வை. ஆச்சி சாப்பிடுகிறாரா?