பிபிஎம்என் (BPMN) வேலை ஓட்டப் படத்தில் ஆலையின் பதிலுக்குக் காத்திருப்பதை எப்படி வரைவது?

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், சிறுதோட்டக்காரர்களிடம் செம்பனைக் குலைகளை எடை போட்டு வாங்கி ஆலைக்கு அனுப்பும் இடத்தில் கிராணியாக இருக்கிறேன். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலை சேர்வது நல்லது. தாமதமானால் எண்ணெயில் கொழுப்பமிலம் ஏறிவிடும். போன மாதம் சீட்டுக் குழப்பத்தால் ஒரு லோரி இரவு முழுக்க நின்றுவிட்டது. குலை வெட்டியவர்களின் முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அதனால்தான் வேலை முழுவதையும் டிரா.ஐஓ என்ற வரைபடச் செயலியில், வேலை ஓட்டத்தைக் குறியீடுகளால் காட்டும் பிபிஎம்என் 2.0 முறைப்படி வரைகிறேன்.

எடை, ரசீது, லோரி எல்லாம் எங்கள் பூலுக்குள் (ஒரு நிறுவனத்தைக் குறிக்கும் கட்டம்) லேன் லேனாக, அதாவது யார் வேலை எது என்று வரிசை வரிசையாகப் பிரித்து, வரைந்து முடிந்தது. ஆலை வேறு நிறுவனம், அதற்குத் தனிப் பூல். பூல் எல்லையைத் தாண்டி சீக்வென்ஸ் ஃபுளோ (வேலை வரிசையைக் காட்டும் அம்பு) போகக்கூடாது, மெசேஜ் ஃபுளோதான் (தகவல் போவதைக் காட்டும் புள்ளிக்கோட்டு அம்பு) என்பது தெரியும். ஆனால் ஆலையிலிருந்து தரச்சீட்டு வரலாம், காய்க்குலை என்று லோரியே திரும்பலாம், மாலை வரை பதிலே வராமலும் போகலாம். இந்த மூன்றுக்கும் ஈவெண்ட்-பேஸ்ட் கேட்வே (எது முதலில் நடக்கிறதோ அந்த வழியில் போகும் பிரிவு) போடுவதா, இல்லை ரிசீவ் டாஸ்க் (தகவலுக்குக் காத்திருக்கும் வேலைக் கட்டம்) ஓரத்தில் டைமர் ஒட்டுவதா? லோரி ஓட்டுநரும் பார்த்ததும் புரிந்துகொள்ள வேண்டும், எனக்கு அதுதான் முக்கியம். இப்படி வரைந்தவர்கள் இருந்தால் உங்கள் படத்தைப் போட்டுக் காட்டுங்கள்.