பாளையங்கோட்டையில இருந்து கான்சர்ட் பியானிஸ்ட் ஆக: பழைய அப்ரைட் வாங்கலாமா?

பாளை வாசி:
மகளுக்கு 15 வயசு. லண்டன் ஏபிஆர்எஸ்எம் இசைத் தேர்வு வாரியத்தோட 8ஆம் கிரேடு முடிச்சிட்டா. வீட்டுல இருக்கிறது 88 கட்டை டிஜிட்டல் பியானோ. வெளிநாட்டுல படிச்சு மேடை பியானிஸ்ட் ஆகணும்னு உறுதியா இருக்கா. இப்ப பழைய அப்ரைட் (கம்பி நெட்டுக்குத்தா நிக்கிற பியானோ) ஒண்ணு விலைக்கு வருது. எதைப் பாத்து வாங்கணும்? அடுத்த 3 வருசத்துல அவ என்னெல்லாம் முடிச்சிருக்கணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சேர்வலாறு:
அண்ணாச்சி, வாசிச்சுப் பாக்குறதுக்கு முன்னால மேல்மூடியைத் திறந்து, கால்பக்கப் பலகையையும் கழட்டிருங்க. டார்ச் அடிச்சு முதல்ல வார்ப்பிரும்புச் சட்டத்தைப் பாருங்க. மேலிருந்து கீழ் வரைக்கும் முழுசா இருக்கணும், விரிசல் கூடாது. சுமார் 230 கம்பி சேர்ந்து 15 டன்னுக்கு மேல இழுக்கும். பாதிச் சட்டம் அதைத் தாங்காது. ஹாமருக்கு (கம்பியை அடிக்கிற சுத்தியல்) மேல கம்பிக்கூண்டு மாதிரி டேம்பர் (சத்தத்தை அடக்குற பாகம்) நின்னா அந்தப் பியானோவே வேண்டாம். சத்தம் சரியா அடங்காது, ட்யூனிங் பண்றவர் கையும் உள்ள போகாது.

அடுத்து போன்ல ட்யூனிங் ஆப் வச்சு நடு சி-க்கு மேல உள்ள ஏ-யைத் தட்டுங்க. 440 ஹெர்ட்ஸ் காட்டணும். 415 பக்கம் நின்னா முழுசா ஒரு அரைஸ்வரம் (பக்கத்துக் கட்டை அளவு) இறங்கிருச்சு. துருப்பிடிச்ச கம்பியை அங்கயிருந்து இழுத்தா அறுந்துரலாம். அதைவிட முக்கியம், அது ஏன் இறங்குச்சுங்கிறது. பல வருசமா யாரும் தொடாம இறங்கிருந்தா சரி பண்ணிரலாம். கம்பியை இறுக்கிப் பிடிக்கிற ட்யூனிங் பின் (ஆணி) பிடிக்காம இறங்கிருந்தா கஷ்டம். ட்யூனிங் பண்றவரைக் கூட்டிட்டுப் போய் நாலஞ்சு பின்னைத் திருப்பிப் பாக்கச் சொல்லுங்க. இறுக்கமே இல்லாம வழுக்கிக்கிட்டுத் திரும்புனா, பின் இறங்கியிருக்கிற பலகையில உள்ள ஓட்டை பெருகிருச்சுன்னு அர்த்தம். நம்ம பக்கம் சித்திரை வெயில்ல மரம் சுருங்கும், ஐப்பசி மழையில உப்பும். வருசா வருசம் இப்படி ஆகித்தான் பிடி விடுது. இன்னும் தடிமனான பின்னாப் போடலாம், ஆனா 200க்கு மேல மாத்தணும். செலவு பியானோ விலையையே தாண்டிரும்.

அடிப்பலகையில மண்கோடு தெரிஞ்சா கரையான். யோசிக்காம வந்துருங்க.

வீட்டுக்கு வந்ததும் 2, 3 வாரம் அப்படியே விட்டுட்டுத்தான் ட்யூன் பண்ணணும். மேற்கு வெயில் படுற சுவர், மேல்காத்து நேரா அடிக்கிற சன்னல், ஏசிக்கு எதிர்ப்பக்கம், இது மூணும் ஆகாது. ஈரப்பதம் 40-60 சதவீதத்துக்குள்ள நின்னா நல்லது.

மணிமுத்தாறு:
ட்யூனிங் பின் எல்லாம் நல்லாருந்தா வாங்கிருங்க அண்ணாச்சி. ஆனா ஒண்ணு மனசுல வச்சுக்கிடுங்க. கிராண்டுல (கம்பி படுக்கையா இருக்கிற மேடைப் பியானோ) கட்டை முழுசா எழும்புறதுக்கு முன்னாலயே மறுபடி அடிக்க முடியும். 1821ல எரார் காப்புரிமை வாங்குன அமைப்பு அது. அப்ரைட்ல அனேகமா முழுசா எழும்பணும். ஒரே ஸ்வரம் வேகமாத் திரும்பத் திரும்ப வர்ற இடத்துல பிள்ளை தடுக்குனா விரலைக் குறை சொல்லாதீங்க. இசைக் கல்லூரி நுழைவுத் தேர்வு பெரும்பாலும் கிராண்டுலதான். முன்கூட்டியே சென்னைக்குக் கூட்டிட்டுப் போயி சில நாள் பழக்கிருங்க.

தேர்வுக்கு வழக்கமாக் கேக்குறது: பாக்கோட 48 பிரிலூட்-பியூக்ல (முன்னுரை மாதிரி ஒரு உருப்படி, அப்புறம் பல குரல் பின்னி வர்ற பியூக்) ஒண்ணு, ஹைடன், மொசார்ட், பீத்தோவன்ல ஒரு சொனாட்டாவோட (பல பகுதி உள்ள உருப்படி) முதல் பகுதி, ஷோப்பான் எட்யூடு (விரல் திறமைக்கான உருப்படி) ஒண்ணு, அப்புறம் பெரிய உருப்படி ஒண்ணு. அதுக்கு முன்படியா, 8ஆம் கிரேடுக்கு அடுத்து ஏபிஆர்எஸ்எம் நடத்துற ஏஆர்எஸ்எம் டிப்ளமா எழுதட்டும். 30 நிமிசக் கச்சேரி மாதிரி நிறுத்தாம வாசிக்கணும். தெம்பு அங்கதான் தெரியும்.

நிறைய பேர் விழுகிற இடம் மனப்பாடம். விரல் பழக்கத்தை மட்டும் நம்பிப் பாடமாக்குனா, பியூக்ல இடதுகை ஒரு ஸ்வரம் தப்புன உடனே எல்லாம் அறுந்துரும். விரலுக்கு அடுத்த ஸ்வரம்தான் தெரியும், நடுவுல நின்னு எங்க இருக்கோம்னு தெரியாது. நோட்டுல பத்து இடத்துல பென்சிலால நம்பர் போடுங்க. நீங்க "ஏழு"ம்பீங்க, அவ பாக்காம அந்த இடத்துல இருந்து தொடங்கணும். இடதுகையைத் தனியாவும் பாக்காம வாசிக்கணும், மெதுவா. பாடம் பண்றதைக் கடைசிப் பகுதியில இருந்து ஆரம்பிச்சா முடிவு ஆட்டங்காணாது.

50 நிமிசத்துக்கு ஒருக்கா 10 நிமிசம் கையை இறக்கி வைக்கணும். மணிக்கட்டு வலிச்சா அன்னைக்கு வாசிப்பை நிறுத்திருங்க. வலியோட தொடர்ந்தா தசைநாண் வீங்கி மாசக்கணக்குல உக்காத்தி வச்சிரும்.

ஆல்ட்டோ அக்கா:
பிரிட்டன்னா செப்டம்பர் சேர்க்கைக்கு முந்தின வருசம் அக்டோபர் தொடக்கத்துலயே விண்ணப்பம் முடிஞ்சிரும். ஜெர்மனி அரசுக் கல்லூரிகள்ல பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்ல, ஆனா ஜெர்மன் மொழி வேணும். அமெரிக்காவுல பிலடெல்பியா கர்ட்டிஸ் இசைக் கல்லூரியில 1928ல இருந்து யாருக்கும் கல்விக் கட்டணம் இல்ல. ரொம்பக் கொஞ்சம் பேரைத்தான் எடுப்பாங்க.

தனிக்கச்சேரி மட்டுமே வச்சுப் பிழைக்கிறவங்க உலகத்துலயே குறைவு தம்பி. பாட்டுக்காரருக்கும் வயலினுக்கும் துணை வாசிப்பு, சொல்லிக் கொடுக்கிறது, இதெல்லாம் சேந்ததுதான் வருமானம். துணை வாசிப்புக்குப் பாத்தவுடனே வாசிக்கிற திறமை வேணும். பாளையில கொயருக்கா (சர்ச் பாடகர் குழு) குறைச்சல்? வாரம் ஒரு ஒத்திகைக்கு அனுப்புங்க. நாலு குரல் பாமாலையைப் புதுசா எடுத்து வச்சு, யாரு தப்பினாலும் நிக்காம அவ வாசிக்கட்டும்.

பாளை வாசி:
போயிப் பாத்தாச்சு. ஏ 428 காட்டுது, பின் எல்லாம் இறுக்கமா இருக்கு, சட்டம் முழுசு. மேல் ஆக்டேவ்ல (வலது கடைசியில) 3 கட்டை அமுக்குனா எழும்பி வரல.

சேர்வலாறு:
வாங்கிருங்க. 428ன்னா அரைஸ்வரத்துல பாதிதான் இறக்கம். முதல் சுத்துல தோராயமா இழுத்து, சில நாள் கழிச்சு நுணுக்கமா ட்யூன் பண்ணச் சொல்லுங்க. ஒண்ணு ரெண்டு மாசத்துல மறுபடி கொஞ்சம் இறங்கும், பதறாதீங்க. சிக்குற கட்டையைப் பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க; துளிகூட ஆடலேன்னா உள்ள ஃபெல்ட் (கம்பளித் துணி) உப்பிருக்கு, இடுக்கியால அமுக்கி விட்டாப் போதும். எண்ணெய் மட்டும் விட்றாதீங்க, ஃபெல்ட்டும் மரமும் குடிச்சு இன்னும் உப்பும்.