எபிலேட்டரா, ஐபிஎல்லா? மாநிறத்துக்கு எது சரி?

கேள்வி: கை, கால் முடிக்கு வீட்டிலேயே பயன்படுத்த ஒரு கருவி வேண்டும். மாநிறம், கறுத்த முடி. தாடையிலும் கொஞ்சம் உண்டு. முடியை வேரோடு பிடுங்கும் எபிலேட்டரா, ஒளியடித்து முடி வளர்ச்சியைக் குறைக்கும் ஐபிஎல் கருவியா, எது வாங்கலாம்?

தேன்மொழி_22: ஐபிஎல் ஒளி முடியிலுள்ள மெலனின் என்ற நிறமியைச் சூடாக்கித்தான் வேரைத் தாக்குகிறது. தோலிலும் மெலனின் அதிகமென்றால் அந்தச் சூடு தோலுக்குப் போய் கொப்புளம், கரும்புள்ளி வரும். பெட்டியிலுள்ள நிற அட்டையைக் கையில் வைத்துப் பாருங்கள். அடர்ந்த கறுப்புத் தோலுக்கும் நரைமுடிக்கும் ஆகாது. பொருந்தினால் குறைந்த அளவில் ஓரிடத்தில் அடித்து, 24 மணி நேரம் பொறுங்கள். முதல் நாலைந்து முறை இரண்டு வாரத்துக்கு ஒருதடவை. முன்னதாக ஷேவ் செய்யலாம். வேக்சிங் கூடாது, வேரே இல்லாவிட்டால் ஒளி எதைச் சுடும்? மச்சம், பச்சை குத்திய இடங்களை விட்டுவிடுங்கள்.

கண்ணாடிவளை: மாநிறத்துக்கு என் ஓட்டு எபிலேட்டருக்கு. முடி 2 முதல் 5 மி.மீ. இருக்கட்டும், நீண்டால் வலி, குட்டையானால் பிடிக்காது. வெந்நீர்க் குளியலுக்குப் பின், தோலை இழுத்துப் பிடித்து, கருவியைச் செங்குத்தாக வைத்து மெதுவாக நகர்த்துங்கள். அவசரப்பட்டால் முடி பாதியில் அறுந்து உள்ளேயே சுருண்டு வளரும். அதைத் தவிர்க்க வாரம் இருமுறை பீர்க்கங்கூட்டால் தேய்த்தால் போதும். இரவில் செய்தால் காலைக்குள் சிவப்பு அடங்கும்.

தேன்மொழி_22: தாடைக்கு ஐபிஎல் வேண்டாம். சிலருக்கு முடி கூடுதலாகவே வளர்ந்துவிடும். மாதவிலக்கும் ஒழுங்கில்லையென்றால் பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறா என்று டாக்டரிடம் பார்த்துவிடுங்கள். அதுவரை முகத்துக்கான டிரிம்மர் போதும்.