கலைச்சொல்: ‘அப்வெல்லிங்’ - ஊற்றா, எழுச்சியா, ஏற்றமா?

அனைவருக்கும் வணக்கம்.

கடலியல் அறிமுக நூலுக்கான சொற்பட்டியலில் கடல்தரை, கண்டத்திட்டு (கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடிப் பகுதி), நீரோட்டம் எல்லாம் பெரிய விவாதமில்லாமல் முடிந்துவிட்டன. கடலின் கீழ்நீர் மேலே ஏறி வருவதைக் குறிக்கும் ‘அப்வெல்லிங்’ மட்டும் முடியாமல் நிற்கிறது. இதுவரை வந்த பரிந்துரைகள் மூன்று: கடலூற்று, குளிர்நீர் எழுச்சி, ஆழ்நீரேற்றம். மூன்றையும் நிகழ்வோடு வைத்துப் பார்த்தேன். மூன்றாவதில் பாதியை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று படுகிறது.

முதலில் ‘கடலூற்று’. அழகான சொல், பாடம் படிக்கும் பிள்ளைக்கு உடனே மனதில் நிற்கும். ஆனால் விசை எங்கே இருக்கிறது என்பதை இது தலைகீழாகச் சொல்லிவிடுகிறது. எங்கள் பல்லடம், அவினாசிப் பக்கம் பாறையை உடைத்துத் தோண்டிய கிணற்றில் இறங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பாறை இடுக்கில் ஊற்றுக்கண் இருக்கும், கையை வைத்தால் நீர் விரலைத் தள்ளிக்கொண்டு வரும். தள்ளுகிற அழுத்தம் உள்ளே இருக்கிறது. கடலில் அப்படி இல்லை. காற்று மேல்நீரை விலக்கிக்கொண்டு போகிறது. அந்த இடத்தை நிரப்பக் கீழேயிருந்து நீர் ஏறி வருகிறது. மேலே காற்று நின்றால் கீழே ஏறுவதும் நிற்கும். அதே கிணற்றில் ஒரு காலத்தில் எருது பூட்டிக் கவலை ஓட்டி நீர் இறைத்தார்களே, அதுதான் இதற்குப் பக்கத்தில் வரும்: மேலே எருதுகள் வடத்தை இழுத்தால்தான் கீழே கிடக்கும் சால் ஏறும்.

இன்னொரு காரணமும் உண்டு. கடலடியில் நிஜமான ஊற்றுகள் இருக்கின்றன. நிலத்தடி நன்னீர் கரைக்கு அருகில் கடல்தரை வழியாகக் கசிந்து வெளியேறுகிறது. அதற்கு ஒரு சொல் வேண்டும். ‘கடலூற்று’ அதற்கென்றே இருக்கட்டும்.

காற்று நீரை விலக்குவது எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சொல்லின் நியாயம் அங்கேதான் இருக்கிறது. நார்வே ஆய்வாளர் நான்சென், 1893 முதல் 1896 வரை நடந்த ஃப்ராம் கப்பலின் ஆர்க்டிக் பனிக்கடல் பயணத்தில், பனிக்கட்டிகள் காற்று வீசும் திசையிலேயே நகராமல் அதற்கு 20 முதல் 40 டிகிரி வலப்பக்கமாக விலகிப் போவதைக் கவனித்தார். இதற்கான கணக்கை ஸ்வீடன் கடலியலாளர் எக்மன் போட்டு 1905இல் வெளியிட்டார். பூமி சுழல்வதால் மேலடுக்கு நீர் காற்றின் திசையிலிருந்து விலகுகிறது. அது தனக்குக் கீழுள்ள அடுக்கை இன்னும் கொஞ்சம் விலக்கி இழுக்கிறது. இப்படியே கீழே போகப்போக விலகல் கூடி, வேகம் குறைகிறது. எல்லா அடுக்குகளையும் கூட்டிப் பார்த்தால், வட அரைக்கோளத்தில் நீர் மொத்தமாகக் காற்றுக்கு 90 டிகிரி வலப்பக்கம் நகர்ந்திருக்கும். தென் அரைக்கோளத்தில் இடப்பக்கம்.

இதை நம் மேற்குக் கரையில் பொருத்திப் பாருங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் வந்து காற்றாலைகளைச் சுழற்றுகிறதே, அந்தத் தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப்பக்கம், கேரளக் கரையோரத்தில், வடமேற்கிலிருந்து கரையை ஒட்டித் தெற்கு நோக்கி வீசும். தெற்கே பார்த்து நிற்பவனுக்கு வலப்பக்கம் மேற்கு. ஆக, மேல்நீர் கரையை விட்டு அரபிக்கடலுக்குள் போகிறது. கீழேயிருந்து நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் நிறைந்த குளிர்ந்த நீர் வெயில் படும் அடுக்குக்கு வருகிறது. டயட்டம் போன்ற நுண்பாசிகள் பெருகுகின்றன, அதைத் தின்ன மத்தி கூட்டம் கூட்டமாக வருகிறது. உக்கடம் மார்க்கெட்டில் கூறு கட்டி விற்கும் கேரள மத்தியைப் பார்க்கும் பிள்ளைக்கு இந்தப் பாடம் கடலே இல்லாத ஊரிலும் புரியும். நூலில் இந்த எடுத்துக்காட்டை அவசியம் சேர்க்க வேண்டும்.

அடுத்து ‘குளிர்நீர் எழுச்சி’. சோமாலியக் கரைக்கு இது பொருந்தும். அங்கே நம் ஆடி மாதத்தில் மேல்நீர் 20 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஆனால் பெரு நாட்டுக் கரையில் எல் நினோ (பசிபிக் கடலின் நடுக்கோட்டுப் பகுதி வழக்கத்தைவிடச் சூடாவது) ஆண்டுகளில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். மேலே இருக்கும் வெந்நீர் அடுக்கு தடித்துவிடும். காற்று அடிக்கும், நீரும் கீழிருந்து ஏறும். ஆனால் ஏறுவது அந்த வெந்நீர் அடுக்குக்குள்ளிருந்தே ஏறும். குளிர்ச்சி இருக்காது, சத்தும் இருக்காது. 1972இல் அந்த நாட்டின் நெத்திலி மீன்பிடிப்பு சரிந்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. குளிர்ச்சி இல்லாமலும் நிகழ்வு நடக்கிறதென்றால் குளிர்ச்சியைச் சொல்லுக்குள் வைக்கக் கூடாது. ‘எழுச்சி’யும் ஒத்துவரவில்லை. அதில் பொங்கி எழும் வேகம் தொனிக்கிறது. இந்த நீர் ஒரு நாளைக்குச் சில மீட்டர் கணக்கில்தான் ஏறுகிறது.

‘ஏற்றம்’ எனக்குப் பிடித்திருக்கிறது. ஏறுவது, ஏற்றுவது இரண்டும் அதில் இருக்கின்றன. ‘ஆழ்நீரேற்றம்’ என்பதை ‘அடிநீரேற்றம்’ என்று மாற்றலாமா? கருத்துச் சொல்லுங்க.

பல்லடத்திலிருந்து
-----
வணக்கம் அண்ணா,

விசை மேலே இருக்கிறது என்ற வாதம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘அடிநீர்’ வேண்டாம். கடலின் சராசரி ஆழம் 3,700 மீட்டர் அளவு. இப்படி ஏறி வரும் நீரோ பெரும்பாலும் மேலே உள்ள இருநூறு, முந்நூறு மீட்டருக்குள்ளிருந்து வருவது. அண்டார்டிகாவைச் சுற்றி உறைகுளிரில் அடர்ந்து, கடல்தரை வரை இறங்கிப் பரவும் நீர் ஒன்று இருக்கிறது. ‘அடிநீர்’ அதற்குத்தான் பொருந்தும். வட அட்லாண்டிக்கில் மூழ்கி அதற்கு மேலடுக்காகத் தெற்கே வருவது ‘ஆழ்நீர்’. இந்த இரண்டு பெயரையும் இங்கே செலவழித்துவிட்டால் ஆழ்கடல் சுழற்சி இயலுக்கு வரும்போது கையில் சொல் இருக்காது.

இன்னொன்று, ‘நீரேற்றம்’ என்று ஒட்டி எழுதினால் வேதியியல் மாணவர் அதை வேறு பொருளில் படிப்பார். அங்கே அது நீர் மூலக்கூறு சேர்வதைக் குறிக்கும் வழக்கமான சொல்.

எங்கள் கன்னியாகுமரிக் கடலிலும் தென்மேற்குப் பருவத்தில் இது நடக்கிறது. அதனால் வரும் கேட்டையும் நூலில் எழுதுங்கள். ஏறி வரும் நீரில் ஆக்சிஜன் குறைவு. மேற்குக் கரையின் கண்டத்திட்டில் பருவத்தின் கடைசியில் அது இன்னும் குறைந்து, தரையை ஒட்டி வாழும் மீன்கள் விலகிப் போகும். மீன் பெருகும் என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும்.

நாகர்கோவிலிலிருந்து
-----
தம்பி,

அடிநீர் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. அப்படியானால் ஆழத்தைச் சொல்லுக்குள் கொண்டுவரவே வேண்டாம். ‘கடல்நீர் மேலேற்றம்’ என்று வைப்போம். முதல் தடவை முழுதாக, அப்புறம் ‘மேலேற்றம்’ என்று மட்டும். ‘மேல்’ சேர்வதால் வேதியியல் சொல்லோடும், ஓதத்தின் (கடல்மட்டம் தினமும் ஏறி இறங்குவதன்) ஏற்றத்தோடும் குழம்பாது. கிளைச்சொற்களும் இயல்பாக வருகின்றன: கரையோர மேலேற்றம், மேலேற்றப் பருவம். நிலநடுக்கோட்டில் கிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்று மேல்நீரை வடக்கும் தெற்குமாகப் பிரித்து விலக்குவதால் நடப்பது நடுக்கோட்டு மேலேற்றம். எதிர் நிகழ்வுக்கு ‘கீழிறக்கம்’.

பட்டியலுக்கான வரைவு: ‘மேலேற்றம் - காற்று மேல்நீரை விலக்குவதால், அதை ஈடுசெய்யக் கீழடுக்கு நீர் மெல்ல மேலேறுதல்.’ ஆக்சிஜன் பற்றி நீங்கள் சொன்னதைக் கண்டத்திட்டு இயலில் தனிப் பத்தியாகச் சேர்க்கிறேன். அந்தப் பத்தியை நீங்களே எழுதித் தந்தால் இன்னும் நல்லது.

அடுத்து தெர்மோக்ளைன். வெந்நீர் அடுக்கு முடிந்து வெப்பம் சட்டென்று குறையும் அந்தப் பகுதிக்குச் சொல் இல்லாமல் எல் நினோவை விளக்க முடியாது. வார இறுதிக்குள் பரிந்துரைகளை அனுப்புங்க.

பல்லடத்திலிருந்து