மறு: மறு: ‘ஃபௌலிங்’ – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

கோவையிலிருந்து (தொகுப்பாளர்), திங்கள் காலை

அனைவருக்கும் வணக்கம். காவலர் பயிற்சி வகுப்புக்கான எஸ்.எல்.ஆர். (சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி) பராமரிப்புக் கையேடு 24 பக்கம். 22 பக்கம் முடிந்தது. மீதி இரண்டும் ஒரே சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கின்றன: ஃபௌலிங். சுட்ட பிறகு துப்பாக்கிக்குள் ஒட்டிக்கொள்ளும் எல்லாவற்றுக்கும் மூலத்தில் இந்த ஒரு சொல்தான். முதல் வரைவில் ‘அழுக்கு’ என்று போட்டேன். ‘அழுக்கை நீக்குக’ என்று படிக்கிறவர் மேல்தூசியைத் துடைத்து வைத்துவிட்டு வேலை முடிந்தது என்பார். எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு ஆழமாகத் துடைப்பது என்ற அட்டவணை முழுவதும் இந்தச் சொல்லை வைத்துத்தான் போகிறது. வெள்ளி மாலை அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

கோபியிலிருந்து (புலவர்), திங்கள் மாலை

இதற்கா இத்தனை தவிப்பு? ‘கசடு’ இருக்கிறதே. வள்ளுவர் ‘கற்க கசடற’ என்றார். நாம் ‘கசடறத் துடைக்க’ என்போம். தேவையற்றது, உள்ளே தங்குவது, நீக்கினால்தான் பொருள் துலங்கும் என்னும் மூன்று பொருளும் அதில் உண்டு. நம் வீடுகளில் எண்ணெய்க் கசண்டு, நெய்க் கசண்டு என்பதும் அதன் உடன்பிறப்பே. மேலும், நொய்யல் கரையில் சென்னிமலைக்குப் பக்கத்துக் கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளோடு கிடைத்தவற்றையும் ‘இரும்புக் கசடு’ என்றே எழுதுகிறார்கள். பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் அதுதான். இரும்பும் கசடும் இந்த மண்ணில் ஈராயிரம் ஆண்டு உறவு.

பெருந்துறையிலிருந்து (ஆயுதப் பட்டறை அனுபவம்), திங்கள் இரவு

புலவர் ஐயாவுக்கு வணக்கமுங்க. கசண்டுங்கறது அடியில தங்கறது. போசியச் சாய்ச்சா வந்துரும். இது சாய்ச்சா வராதுங்க, ஒட்டிப் பிடிக்கறது. அதுவும் ஒண்ணில்லீங்க, நாலு.

முதல்ல கரி. வெடிமருந்து எரிஞ்சு, அந்த வாயு தள்ளற பிஸ்டன் தலை, அதுக்கு மூடியான கேஸ் பிளக், சிலிண்டர், குழலப் பின்னால அடைக்கற பிரீச் பிளாக் முகம், வெத்துத் தோட்டாவ இழுக்கற எக்ஸ்ட்ராக்டர் நகத்துக்கு அடியில, இங்கெல்லாம் இறுகும். ரெண்டாவது செம்பு. குண்டோட மேலுறை குழலோட வரிப்பள்ளத்துல தேய்ஞ்சு பூசிக்கும். மூணாவது ஈயம். இது எஸ்.எல்.ஆருக்கு இல்ல, பயிற்சிக்கு வெச்சிருக்கற .22 துப்பாக்கிக்கு. நாலாவது உப்பு. பழைய .303 துப்பாக்கித் தோட்டாவோட கேப்புல (ஊசி தட்டித் தீப்பிடிக்கற மூடி) பொட்டாசியம் குளோரேட் இருக்கும். வெடிச்சா பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்பு மாதிரியே காத்துல இருக்கற ஈரத்த இழுத்து ராத்திரியோட ராத்திரியா துருவாக்கிரும்.

நாலுக்கும் வைத்தியம் வேறங்க. கரிக்கு கரைப்பானும் பித்தளை பிரஷும். செம்புக்கு அம்மோனியா கலந்த கரைப்பான். உப்புக்கு எண்ணெய் ஒண்ணும் பண்ணாது, கொதிக்கற தண்ணிதான் கரைக்கும். அதனாலதான் அந்தக் காலத்துல .303 குழல்ல புனல் வெச்சு வெந்நீர் ஊத்துனாங்க. நாலையும் ‘கசடு’ன்னு ஒரே மூட்டையாக் கட்டுனா, பையன் நாலுக்கும் எண்ணெயத் தேச்சுட்டுப் போயிருவான்.

திருப்பூரிலிருந்து (மொழிபெயர்ப்பாளர்), செவ்வாய் காலை

அண்ணா சொல்வது சரி. அப்படியானால் பொதுச்சொல் ஒன்று, அதற்கு முன்னால் அடைமொழி. என் பரிந்துரை ‘பற்று’. கரிப்பற்று, செம்புப்பற்று, ஈயப்பற்று, உப்புப்பற்று. ‘பத்துப் பாத்திரம்’ என்பதில் உள்ள பத்து இந்தப் பற்றுதான். சோறு காய்ந்து பிடித்தது. ஒட்டிக்கொள்வது என்ற பொருள் சொல்லிலேயே இருக்கிறது.

பொள்ளாச்சியிலிருந்து, செவ்வாய் காலை

‘துப்பாக்கிப் பற்று மிகுந்தால் உடனே நீக்குக’ என்று அச்சில் வந்தால் அது ஒழுங்கு நடவடிக்கை ஆகிவிடும், தம்பி. கணக்கர் பார்த்தால் வரவு எங்கே என்பார்.

கோபியிலிருந்து, செவ்வாய் மதியம்

நகைப்பு ஒருபுறம் இருக்கட்டும். செம்புக்கு நம்மிடம் ஆயத்தமாகவே சொல் உள்ளது: களிம்பு. செம்பில் களிம்பு உடன்தோன்றியது போல உயிரில் ஆணவம் என்பது சைவ சித்தாந்தத்தின் அடிப்படை உவமை. புளி போட்டுத் தேய்த்தால் போகும், விட்டால் மீண்டும் வரும். எத்தனை முறை துடைப்பது என்ற உங்கள் வினாவுக்கு விடையே அந்த உவமையில் இருக்கிறது. இதை விட்டுவிட்டுப் பற்று, ஒட்டு என்று அலைவானேன்?

திருப்பூரிலிருந்து, செவ்வாய் மாலை

ஐயா, இன்றைக்குக் களிம்பு என்றால் மருந்துக்கடையில் குழாயில் விற்பது. ‘குழலில் களிம்பு’ என்று தலைப்பிட்டால் பூசச் சொல்கிறார்கள் என்றுதான் பாதிப் பேர் நினைப்பார்கள். வேதியியலாகவும் பொருந்தாது. களிம்பு என்பது செம்பு காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்து மாறிய பச்சை. குழலுக்குள் இருப்பது மாறாத செம்பு, வெறும் பூச்சு.

பெருந்துறையிலிருந்து, செவ்வாய் இரவு

அது மெய்யிங்க. ஆனா அம்மோனியா கரைப்பான் பட்டா சிந்தித்துணி (துடைக்கற துண்டுத்துணி) நீலமா வரும். நீலம் வர்ற வரைக்கும் செம்பு இருக்குதுன்னு அர்த்தம். ஒரு எச்சரிக்கையும் போட்டுருங்க: பித்தளை பிரஷ், பித்தளை முனை போட்டாலும் நீலம் வரும். அதைப் பாத்துட்டு நாள் முழுக்கத் தேய்க்க வேண்டாம். கரைப்பானை ராத்திரி பூரா உள்ள விடவும் கூடாது, டப்பாவுல போட்டிருக்கற நேரத்தோட துடைச்சு எடுத்தரணும்.

பொள்ளாச்சியிலிருந்து, செவ்வாய் இரவு

சொல் கிடைப்பதற்குள் கையேடு இங்கேயே எழுதி முடிந்துவிடும் போலிருக்கிறது. ஒரு கேள்வி. எங்கள் பக்கம் தேங்காய் எண்ணெய் தாராளம். அதைத் துப்பாக்கிக்குத் தொட்டால் என்ன?

பெருந்துறையிலிருந்து, புதன் காலை

நாளானா பிசின் மாதிரி இறுகிருமுங்க. 24, 25 டிகிரிக்குக் கீழ போனா உறைஞ்சும் போயிரும். வால்பாறையில மார்கழில பிரீச் பிளாக் ஓடாது. மண்ணெண்ணெய் கரியக் கரைக்கும், ஆனா ஆவியாப் போயி இரும்ப மொட்டையா விட்டுரும். அதுல கழுவுனா காயவெச்சு கட்டாயம் துப்பாக்கி எண்ணெய் தொடணும். தொடறதுன்னா தொடறதுதான், ஊத்தறது இல்ல. ஆடிக் காத்துல பல்லடம் பக்கம் மண்ணு பறக்கறப்ப எண்ணெய் சொட்டுனா தூசி அப்பிக்கும்.

முக்கியமா, பிஸ்டன், கேஸ் சிலிண்டர், பிளக் இந்த மூணும் சுடறப்ப காஞ்சிருக்கணும். எண்ணெய் இருந்தா வெந்து கரியோட குழைஞ்சு, வைக்கோலக் கருக்கி விளக்கெண்ணெய்ல குழைக்கற வண்டி மை மாதிரி ஆயிரும். அப்பறம் பிஸ்டன் மந்தமா ஓடும், வெத்துத் தோட்டா பாதி வழியில மாட்டும். ரெகுலேட்டர (வாயு அளவ மாத்தற திருகு) ஒரு கிளிக் மூடுனா பிஸ்டனுக்கு வாயு அதிகமாப் போயி அப்போதைக்கு ஓடும். அது சமாளிப்புதான், துடைக்கறதுக்கு மாத்து இல்லீங்க.

கோவையிலிருந்து, புதன் மதியம்

நன்றி அண்ணா. அட்டவணையை இப்படி மாற்றியிருக்கிறேன். பிழை இருந்தால் சொல்லுங்கள்.

முதலில் மேகசினைக் (தோட்டாப் பெட்டி) கழற்றி, பிளாக்கைப் பின்னால் இழுத்து நிறுத்தி, குழலில் தோட்டா உட்காரும் அறைக்குள் கண்ணாலும் விரலாலும் பார்ப்பது. சுட்ட அன்றே: கேஸ் பிளக்கை அழுத்தித் திருப்பிப் பிஸ்டனை எடுத்துக் கரி நீக்கல், குழலில் அறைப்பக்கத்திலிருந்து வாய்ப்பக்கமாகக் கரைப்பான் தோய்ந்த துணி, 10 நிமிடம் பொறுத்துப் பிரஷ், பிறகு காய்ந்த துணி. துடைக்க 4×2 அங்குலத் துணி, எண்ணெய் தொட 4×1½. அடுத்த மூன்று நாளும் ஒரு துணி ஓட்டிப் பார்ப்பது. சுடாத காலத்தில் மாதம் ஒருமுறை, மலைப்பகுதியிலும் மழைக்காலத்திலும் வாரம் ஒருமுறை. செம்பு நீக்கல் ஒவ்வொரு முறையும் வேண்டாம், குறி சிதறும்போதுதான். ட்ரிக்கர் பகுதியைப் பிரிப்பது பயிற்சிக் காவலர் வேலை அல்ல, ஆர்மரர் (ஆயுதம் பழுது பார்ப்பவர்) வேலை.

பெருந்துறையிலிருந்து, புதன் இரவு

சரிங்க. ஒண்ணு சேத்துக்குங்க. துணி பால் மாதிரி வெளுக்கற வரைக்கும் தேய்க்காதீங்க. லேசா சாம்பல் நெறம் வந்தாப் போதும். துடைக்காமக் கெட்ட குழலவிட, புல்த்ரூ கயிறு (குழலுக்குள்ள துணிய இழுக்கற கயிறு) குழல் வாய் ஓரத்துல உரசிக் கெட்டது அதிகம். .22க்கு இன்னும் கம்மியாத் தேய்க்கணும், அதுல குழல விட அறையும் பிளாக் முகமும்தான் முக்கியம். ஈயம் தொட்ட கையக் கழுவாம சோத்துல வெக்கக் கூடாது.

கோபியிலிருந்து, வியாழன் காலை

ஈயம் என்று மட்டும் எழுதாதீர். பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம். குண்டில் இருப்பது காரீயம். பூசத் தக்கதையும் கை கழுவத் தக்கதையும் ஒரே பெயரால் அழைக்கலாகாது. பொதுச்சொல்லுக்கு நான் இன்னும் கசடு என்றே சொல்வேன்.

திருப்பூரிலிருந்து, வியாழன் மதியம்

ஐயா, காரீயத்தை ஏற்கிறேன். கசடும் வேண்டாம், பற்றும் வேண்டாம் என்றால் ‘படிவு’ என்று போகலாமா? கரிப்படிவு, செம்புப்படிவு, காரீயப்படிவு, உப்புப்படிவு. பள்ளிப் பாடநூலில் பார்த்த சொல், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

பொள்ளாச்சியிலிருந்து, வியாழன் மதியம்

அச்சுக்கோப்பவர் ‘செம்புப் படிவம்’ ஆக்குவார். மூன்று நகல் எடுத்து நிரப்பித் தருவார்கள். ஆனாலும் என் வாக்கு படிவுக்கே, எனக்குத் தூக்கம் வருகிறது.

பெருந்துறையிலிருந்து, வியாழன் இரவு

பட்டறையில யாரும் படிவுன்னு சொல்ல மாட்டாங்க, ‘கரி புடிச்சிருக்குது, செம்பு ஏறியிருக்குது’ன்னுதான் சொல்லுவாங்க. பெயர்ச்சொல்லே எதுக்குங்க? ‘செம்பு ஏறியிருந்தால்’னு எழுதுனாப் புரியாதா?

கோவையிலிருந்து, வெள்ளி காலை

எழுதலாம் அண்ணா, பாடத்தில் அப்படியே எழுதியும் விட்டேன். அட்டவணைத் தலைப்புக்குத்தான் பெயர்ச்சொல் கேட்கிறது. மூன்று பேர் படிவு, ஒருவர் கசடு, ஒருவர் எதுவும் வேண்டாம். தலைப்பில் ‘படிவு’, முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் ‘ஃபௌலிங்’ என்று தமிழெழுத்தில். மாலை 4 மணிக்கு அனுப்புகிறேன்.

கோபியிலிருந்து, வெள்ளி மதியம்

ஆற்றில் மணல் படியும், அது படிவு. நெருப்பில் வெந்து இறுகியதைப் படிவு என்பது எப்படி? இரண்டாம் பதிப்பு வருமல்லவா, அதற்குள் விரிவாக எழுதுகிறேன். 19ஆம் பக்கத்தில் ‘உப்புப்படிவு’க்கு நடுவே ஒற்று விடுபட்டிருக்கிறது, அதையாவது இப்போதே திருத்துங்கள்.